உருகினாலும் உலோகம் உலோகமே, ஆவியானால்?

"இரும்பைச் சூடாக்கினால் உருகும் என்று தெரியும். அது தண்ணீரைப் போல ஆவியாகவும் மாறுமா? மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது? எல்லா உலோகங்களுக்கும் இது ஒரே மாதிரிதானா?" என்பது கேள்வி.

மாறும். இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 2,860 டிகிரியில் கொதிக்கிறது. (இனி வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்தான்.) தங்கம், வெள்ளி, செம்பு, டங்ஸ்டன் எதுவாக இருந்தாலும் போதிய வெப்பம் கொடுத்தால் ஆவியாகிவிடும். ஆனால் இந்த எண்களோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை. கேள்வியின் நடுப்பகுதிதான் உண்மையில் சுவையானது.

பள்ளியில் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்ற மூன்றையும் வைத்துத்தான் நிலைமாற்றத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே படத்தை உலோகத்தின் மேல் ஒட்டினால் முக்கியமான ஒன்று மறைந்துபோகும். பனிக்கட்டியிலும் நீராவியிலும் இருப்பது அதே தண்ணீர் மூலக்கூறு. தனியாக ஒன்றை எடுத்தாலும் அது தண்ணீர்தான். உலோகத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒற்றைச் செம்பு அணுவுக்குப் பளபளப்பு கிடையாது, அதன் வழியே மின்சாரம் ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதைத் தகடாக அடிக்கவும் முடியாது. நாம் உலோகம் என்று சொல்வதெல்லாம் அணுக்கள் கூட்டமாக இருக்கும்போது அந்தக் கூட்டத்துக்கு வரும் குணம். உருகும்போது கூட்டத்தின் வரிசை மட்டும் குலைகிறது. ஆவியாகும்போது கூட்டமே கலைந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

திண்ம நிலையிலிருந்து தொடங்குகிறேன். உலோக அணு ஒவ்வொன்றும் தன் வெளி எலக்ட்ரான்களில் ஒன்றிரண்டைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் கட்டி முழுவதும் திரிகின்றன. அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை அதுதான். அணுக்கள் படிகமாக, வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். செம்பிலும் தங்கத்திலும் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் ஒட்டி நிற்கும். நிற்கும் என்றாலும் சும்மா நிற்பதில்லை. அறை வெப்பநிலையிலேயே ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் நொடிக்குப் பல லட்சம் கோடி முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது.

சூடாக்கினால் அதிர்வின் வீச்சு கூடும். உலோகம் விரியும். சில அணுக்கள் இடத்தை விட்டு நகர்ந்து வெற்றிடங்களை விட்டுச் செல்லும். உருகுநிலையை நெருங்கும்போது ஆயிரம் முதல் பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்று இப்படிக் காலியாக இருக்கும். அதிர்வின் வீச்சு, பக்கத்து அணுவுக்கு உள்ள தூரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை எட்டும்போது வரிசை தாங்காது என்பது 1910இல் லிண்டெமான் தந்த எளிய அளவுகோல். துல்லியமான விதி என்று சொல்ல முடியாது. ஆனால் பல உலோகங்களுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

இந்தக் கட்டத்தில் பலரிடம் இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உலோகம் சிவப்பதற்கும் உருகுவதற்கும் தொடர்பு இல்லை. சூடான எந்தத் திண்மப் பொருளும் ஏறத்தாழ 525 டிகிரியில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். இரும்பு சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளுத்த பிறகுதான் உருகும். ஈயமோ 327 டிகிரியிலேயே, துளியும் சிவக்காமல் உருகிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்போது பகல் வெளிச்சத்தில் சிவப்பே தெரியாது. வெள்ளியைப் போல அமைதியாக மின்னிக்கொண்டிருக்கும். சிவக்கவில்லை, அதனால் சூடில்லை என்று நினைத்து அதன் அருகே போவது பெரும் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து ஈரம். உருகிய உலோகத்துக்கு அடியில் சில துளி தண்ணீர் அகப்பட்டுக்கொண்டால், அது நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து உலோகத்தை வெளியே வீசியடிக்கும். வார்ப்புவேலை செய்கிறவர்கள் அச்சையும் கரண்டியையும் முன்கூட்டியே சூடேற்றி உலர்த்துவது இதற்காகத்தான்.

இனி உருகும் கணத்துக்கு வருகிறேன். ஒரு சிறு மூசையில் தூய வெள்ளீயத்தை உருக்கி, அதற்குள் வெப்பமானியை வைத்து ஆறவிட்டுப் பாருங்கள். மாணவர்களுக்கு நான் பலமுறை செய்து காட்டிய சோதனை இது. எண் 260, 250, 240 என்று இறங்கிக்கொண்டே வரும். 232க்கு ஓரிரண்டு டிகிரி கீழே கூடப் போகும். பிறகு சட்டென்று மேலே ஏறி 232இல் நின்றுவிடும். அடுப்பு அணைந்திருக்கிறது, சுற்றிலும் குளிர்ந்த காற்று, மூசையிலிருந்து வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது; ஆனாலும் எண் அசைவதில்லை. அந்த நேரத்தில் மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி போல முகம் தெரிந்த பரப்பில் ஓரத்திலிருந்து மெல்லிய இறகு போன்ற கோடுகள் கிளம்பி உள்நோக்கி வளரும். கோடுகள் ஒன்றையொன்று தொட்டதும் பளபளப்பு மங்கி, பரப்பு பனி படர்ந்தது போல ஆகும். கடைசித் துளியும் உறைந்த பிறகுதான் எண் மறுபடியும் இறங்கத் தொடங்கும்.

எண் நின்ற அந்த நேரத்தில் வெளியே போன வெப்பம்தான் உள்ளுறை வெப்பம். உருகும்போது வரிசையைக் குலைப்பதற்காக உள்ளே போன ஆற்றல், உறையும்போது அப்படியே திரும்பி வருகிறது. தூய உலோகம் உறையும் புள்ளி இவ்வளவு அசையாமல் நிற்பதால்தான் உலகம் முழுவதும் வெப்பமானிகளைச் சரிபார்க்க அதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 1990இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு வெப்பநிலை அளவீட்டின்படி வெள்ளீயம் உறைவது 231.928, துத்தநாகம் 419.527, அலுமினியம் 660.323, வெள்ளி 961.78, தங்கம் 1,064.18, செம்பு 1,084.62 டிகிரி. கலப்பில்லாத உலோகத்துக்கு மட்டுமே இந்தக் கூர்மை உண்டு. பித்தளை, வெண்கலம் போன்ற பெரும்பாலான கலவைகள் ஒரு வெப்பநிலையில் உருகத் தொடங்கி இன்னொன்றில் முடிக்கும். நடுவில் கூழாக இருக்கும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த பற்றாசு (உலோகங்களை ஒட்டவைக்க உருக்கிப் பயன்படுத்தும் கலவை) இதற்கு விதிவிலக்கு. இரண்டு உலோகங்களின் உருகுநிலைக்கும் கீழே, 183 டிகிரியில், ஒரே புள்ளியில் உருகிவிடும்.

வெள்ளீயம் 232க்குக் கீழே சற்று இறங்கிப் பிறகு ஏறியது ஏன் என்று கேட்பீர்கள். உறைவதற்கு ஒரு விதைப் படிகம் வேண்டும். அது உண்டாகச் சற்றுக் காலம் பிடிக்கும். அதுவரை திரவம் தன் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். காலியம் இதில் பெயர் போனது. 29.76 டிகிரியில் உருகும் அந்த உலோகம், அதற்குக் கீழே பல டிகிரி குளிர்ந்த பிறகும் உறைய மறுத்து நிற்கும். திண்மக் காலியத் துணுக்கு ஒன்றைப் போட்டால் அந்த இடத்திலிருந்து உறைந்துகொண்டே போகும். உருகுவதற்கு இந்தத் தயக்கம் பெரும்பாலும் இல்லை. காரணம், உருகல் மேற்பரப்பில் தொடங்குகிறது. மேல் அணுக்களுக்கு ஒரு பக்கம் பிடிமானமே கிடையாது. அதனால் அவை முதலில் தளர்கின்றன. 1985இல் பிரென்கன், வான் டெர் வீன் இருவரும் ஈயப் படிகத்தின் பரப்பை ஆராய்ந்து, உருகுநிலைக்குச் சில பத்து டிகிரி முன்பே மேலடுக்கு ஒழுங்கிழந்து திரவம் போல ஆகத் தொடங்குவதைக் காட்டினார்கள். உருகத் தேவையான விதை, பரப்பிலேயே தயாராக இருக்கிறது.

சரி, உருகிய பிறகு என்ன மாறிவிட்டது? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பருமன் செம்பில் 4 முதல் 5 விழுக்காடும், அலுமினியத்தில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் கூடுகிறது. அதாவது அணுக்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கின்றன. ஒவ்வோர் அணுவையும் சுற்றிப் பன்னிரண்டுக்குப் பதில் பத்து, பதினொன்று என்று அண்டை அணுக்கள் இருக்கும். பிஸ்மத்தும் காலியமும் பனிக்கட்டியைப் போல உருகும்போது சுருங்கவே செய்கின்றன, ஏறத்தாழ 3 விழுக்காடு. பொதுவில் விட்ட எலக்ட்ரான்களும் அப்படியே திரிந்துகொண்டிருக்கின்றன. ஆனால் வரிசை குலைந்ததால் அவற்றின் பாதை கரடுமுரடாகிறது. செம்பு உருகும்போது மின்தடை சுமார் இரு மடங்காகிறது, அவ்வளவுதான். பளபளப்பு போகவில்லை, மின்சாரம் கடத்துவது நிற்கவில்லை, வெப்பம் கடத்துவதும் நிற்கவில்லை.

மாறியது அணுக்களின் நடமாட்டம். திண்மத்தில் ஓர் அணு அடுத்த இடத்துக்குத் தாவ, பக்கத்தில் காலியிடம் அமையும்வரை காத்திருக்க வேண்டும். திரவத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை. உருகிய அந்தப் புள்ளியில் அணுக்கள் இடம் மாறும் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் தாவி ஏறுகிறது. உருகிய உலோகம் தேன் போலக் கெட்டியாக ஓடும் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் உருகிய அலுமினியம் ஏறத்தாழ தண்ணீர் போலவே இழைந்து ஓடும். இரும்புகூடத் தண்ணீரைவிட ஐந்தாறு மடங்கு பாகுத்தன்மைதான் கொண்டது. ஆனால் பரப்பு இழுவிசையில் தண்ணீர் அருகே நிற்க முடியாது. உருகிய இரும்பின் பரப்பு இழுவிசை தண்ணீரைப் போல் சுமார் 25 மடங்கு. சிந்திய துளிகள் பரவாமல் உருண்டைகளாக ஓடுவது அதனால்தான்.

திரவமாக இருப்பதும் உலோகமாக இருப்பதும் முரண் இல்லை என்பதை மனிதர்கள் ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. பாதரசம் உண்மையான உலோகமா என்ற ஐயம் 18ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. 1759 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் கடுங்குளிரில் பிரவுன், லோமனோசோவ் இருவரும் பனியோடு அமிலம் சேர்த்த குளிர்கலவையில் பாதரசத்தை உறைய வைத்தார்கள். உறைந்ததைச் சுத்தியலால் அடித்தபோது அது நொறுங்காமல் தட்டையானது. மற்ற உலோகங்களைப் போன்றதே இதுவும், உருகுநிலை மட்டும் தாழ்ந்தது என்பது அன்று கண்முன் தெரிந்தது. அந்த உருகுநிலை மைனஸ் 38.83 டிகிரி.

ஏன் அவ்வளவு தாழ்வு? இங்கேதான் "எல்லா உலோகங்களுக்கும் ஒரே மாதிரியா" என்ற கேள்விக்கான விடை இருக்கிறது. பொதுவில் எத்தனை எலக்ட்ரான்கள், எவ்வளவு உறுதியாகப் பங்கேற்கின்றன என்பதே பிடிப்பின் வலிமையைத் தீர்மானிக்கிறது. சோடியம் ஒன்றை மட்டும் தருகிறது. 98 டிகிரியில் உருகிவிடுகிறது. டங்ஸ்டன் ஆறு எலக்ட்ரான்களைப் பிணைப்பில் ஈடுபடுத்துகிறது. 3,422 டிகிரிவரை தாங்குகிறது. பாதரசத்தின் வெளி எலக்ட்ரான்கள் இரண்டும் தம் கருவை விட்டுப் பிரிய மனமில்லாதவை. கருவின் மின்னேற்றம் 80 என்பதால் உள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகின்றன; இவ்வளவு வேகத்தில் தலைகாட்டும் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் அந்த எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதைகள் சுருங்கி, வெளி எலக்ட்ரான்களையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 2013இல் வெளியான ஒரு கணினிக் கணக்கீடு, சார்பியல் விளைவு மட்டும் இல்லாதிருந்தால் பாதரசத்தின் உருகுநிலை 105 டிகிரி உயர்ந்திருக்கும் என்று காட்டியது. அதாவது அறை வெப்பநிலையில் அது ஒரு திண்மக் கட்டியாக இருந்திருக்கும். இந்தச் செய்தியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை.

அழுத்தத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பூமியின் உட்கருவில் வெப்பநிலை 5,000 டிகிரிக்கு மேல். ஆனாலும் அங்கே இரும்பு திண்மம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் முப்பது லட்சம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அணுக்களை விலக விடுவதில்லை.

காலியம் இன்னொரு பாடமும் சொல்கிறது. உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும் அந்த உலோகம் கொதிக்க 2,200 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாகம் உருக 420 டிகிரி வேண்டும். ஆனால் 907இலேயே கொதித்துவிடும். எளிதில் உருகுவது எளிதில் ஆவியாகும் என்று நினைக்கக் கூடாது. வரிசையைக் குலைப்பது ஒரு வேலை, கூட்டத்தைக் கலைப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஆகும் செலவை ஒரு கிலோ செம்பில் பார்க்கலாம். அறை வெப்பநிலையிலிருந்து உருகுநிலைவரை சூடேற்ற ஏறத்தாழ 450 கிலோஜூல். உருக்க 205. பிறகு கொதிநிலையான 2,562 டிகிரிக்கு ஏற்றி, ஆவியாக்க மட்டும் சுமார் 4,700 கிலோஜூல். உருக்கியதைப் போல் இருபது மடங்குக்கும் மேல்! தண்ணீரில் இந்த விகிதம் ஏழு மடங்குதான். உருகும்போது உலோகப் பிணைப்பில் ஒரு சிறு பங்குதான் தளர்ந்தது, மீதியெல்லாம் திரவத்தில் அப்படியே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆவியாகும்போது அந்த மீதி முழுவதையும் அறுக்க வேண்டியிருக்கிறது. அறுத்த பின், கொதிநிலையில் செம்பு ஆவி தன் திரவத்தைப் போல் ஏறத்தாழ 25,000 மடங்கு இடத்தைப் பிடிக்கும். அணுவுக்கும் அணுவுக்கும் இடையிலான சராசரித் தூரம் முப்பது மடங்கு அளவுக்கு விலகிவிடும்.

ஆவியாவதற்குக் கொதிநிலைவரை போக வேண்டியதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கொடியில் காயும் துணியில் தண்ணீர் கொதிப்பதில்லை, ஆனாலும் போய்விடுகிறது. உலோகத்திலும் அதுவே. பரப்பில் இருக்கும் அணுக்களில் சராசரியைவிட மிகுந்த வேகம் கொண்ட ஒன்றிரண்டு எப்போதும் பிய்த்துக்கொண்டு வெளியேறும். எவ்வளவு வெளியேறும் என்பதை ஆவியழுத்தம் சொல்லும். வெப்பநிலை ஏற ஏற அது மிக வேகமாகப் பெருகும். வெளியழுத்தத்துக்குச் சமமாகும் புள்ளியைக் கொதிநிலை என்கிறோம். வெற்றிடத்தில் அந்தத் தடை நீங்குவதால் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உலோகத்தை ஆவியாக்கலாம்.

இதைக் கண்ணால் பார்க்க எங்கும் போக வேண்டாம். நெடுநாள் எரிந்து ஓய்ந்த பழைய இழை பல்பு ஒன்று கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாக, சாய்த்தால் சற்றே மின்னும் மெல்லிய படலம் தெரியும். அது புகை அல்ல, டங்ஸ்டன். இழை எரியும்போது அதன் வெப்பம் சுமார் 2,500 டிகிரி. உருகுநிலைக்கு இன்னும் 900 டிகிரி பாக்கி. அது ஒருபோதும் உருகவில்லை. திண்மத்திலிருந்தே அணு அணுவாக நேரே ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிந்திருக்கிறது. பதங்கமாதல் என்பது இதுவே. இழையில் எந்த இடம் தற்செயலாகச் சற்று மெலிகிறதோ அங்கே வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக ஆவியாகும், இன்னும் மெலியும். கடைசியில் அந்த இடத்தில் அறுந்துபோகும். 1913இல் இர்விங் லாங்மியூர் பல்புக்குள் வினைபுரியாத வாயுவை நிரப்பினார். கிளம்பிய டங்ஸ்டன் அணுக்கள் வாயுவின் மேல் மோதி, பல மீண்டும் இழைக்கே திரும்பின. பல்பின் ஆயுள் நீண்டது.

துத்தநாகத்தின் கதை இதைவிடப் பெரியது. அதன் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் உலோகம் பிரிவதற்கு ஏறத்தாழ 1,000 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907இலேயே கொதித்துவிடுகிறது. ஆக, அது பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கிறது. சாதாரண உலையில் பிறந்த கணமே காற்றோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் பறந்துவிடும். இரும்பையும் செம்பையும் உருக்கத் தெரிந்தவர்கள்கூட நெடுங்காலம் துத்தநாகத்தைத் தனி உலோகமாகக் கையில் பிடிக்க முடியாமல் போனது இதனால்தான். ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கப் பகுதியில் இடைக்காலத்தில் இதற்கு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவக் களிமண் குடுவைகளில் தாதுவை நிரப்பி, நீண்ட கழுத்து கீழ்நோக்கி இருக்கும்படி உலையில் தலைகீழாக நிறுத்தினார்கள். தீ மேலே, குளிர்ந்த அறை கீழே. ஆவி மேலே போக வழியில்லாமல் கழுத்து வழியே கீழிறங்கி, காற்று படாத இடத்தில் குளிர்ந்து, துளித்துளியாக உலோகமாகச் சொட்டியது. பிரிட்டனின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் இதே கீழ்நோக்கிய வடிப்புக்கு 1738இல் காப்புரிமை பெற்றார். ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொழில் அளவில் நடந்துகொண்டிருந்தது. ஆவிநிலையை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டு கையாண்ட அந்தக் கைகளை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை எழுகிறது.

பித்தளையை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வெண்புகை கிளம்புவதும் இதே துத்தநாகம்தான். அந்தப் புகை உலோக ஆவி என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன், அது சரியில்லை. ஆவி நிறமற்றது, கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து காற்றில் எரிந்து உண்டான துத்தநாக ஆக்சைடு தூசுதான் வெள்ளையாகத் தெரிகிறது. அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைப்பு வேலையில் இருப்பவர்கள், முக்கியமாகத் துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைப்பவர்கள், காற்றோட்டமும் முகக்காப்பும் இல்லாமல் வேலை செய்யவே கூடாது. பாதரசம் இன்னும் மோசம். அது அறை வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. புகையும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 13 மில்லிகிராம் அளவுக்குப் பாதரச ஆவியைத் தாங்கும். வேலையிடங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்பு 0.02 மில்லிகிராம். உடைந்த வெப்பமானியின் துளிகளைக் குழந்தைகள் உருட்டி விளையாட விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இனி கடைசிக் கேள்வி. ஆவியான பின் அது உலோகமா? 1870களின் நடுவில் குண்ட், வார்பர்க் இருவரும் பாதரச ஆவியில் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். அதிலிருந்து, அந்த ஆவி தனித்தனி அணுக்களால் ஆனது, இரண்டு மூன்று சேர்ந்த மூலக்கூறுகள் அதில் இல்லை என்று நிறுவினார்கள். பெரும்பாலான உலோக ஆவிகள் இப்படித்தான், ஏறக்குறைய முழுவதும் ஒற்றை அணுக்கள். அணு பொதுவில் விட்டிருந்த எலக்ட்ரான் தன் அணுவோடு திரும்பிச் சேர்ந்துகொள்கிறது. திரிவதற்குப் பொதுவெளியே இல்லை. எனவே சாதாரண உலோக ஆவி மின்சாரத்தைக் கடத்தாது, பளபளக்காது, பார்வையை மறைக்காது.

ஒளியிலும் இந்த மாற்றம் தெரியும். சூடான திண்மமோ திரவமோ வானவில்லின் எல்லா நிறங்களையும் கலந்து வீசும். ஆவியில் ஒவ்வோர் அணுவும் தனக்குரிய சில நிறங்களை மட்டும் வீசும். சோடியம் ஆவி விளக்குகளின் அந்த மஞ்சள், 589 நானோமீட்டர், ஒற்றைச் சோடியம் அணுவின் குரல். 1860ஆம் ஆண்டையொட்டி கிர்க்காஃப் சூரிய ஒளியில் தெரிந்த கருங்கோடுகளை இரும்பின் கோடுகளோடு ஒப்பிட்டு, சூரியனின் வெளி வளிமண்டலத்தில் இரும்பு ஆவியாக இருக்கிறது என்று கண்டார். 5,500 டிகிரியில் அங்கே இரும்பு வேறு எப்படி இருக்க முடியும்?

எந்தப் புள்ளியில் உலோகத்தன்மை போகிறது என்பதையும் பாதரசத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 1,478 டிகிரி, வளிமண்டலத்தைப் போல் 1,600 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம்: இது பாதரசத்தின் மாறுநிலைப் புள்ளி. அதற்கு மேலே திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவில் எல்லைக்கோடே இல்லை. கொதிக்காமலேயே ஒன்றை மற்றொன்றாக்கலாம். அந்தப் பகுதியில் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், கன சென்டிமீட்டருக்கு 13.5 கிராமில் தொடங்கிய உலோகம் ஏறத்தாழ 9 கிராமுக்கு வரும்போது கடத்துத்திறனை இழந்து அலோகமாகிறது. அணுக்கள் அவ்வளவு விலகியதும் எலக்ட்ரான்கள் அடுத்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகின்றன.

ஆவியிலிருந்து உலோகத்துக்குத் திரும்பி வரும் பாதையையும் பார்க்கலாம். 1935இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கி ஆடிக்கு ஜான் ஸ்ட்ராங் வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவிட்டுப் பளபளப்பு ஏற்றினார். இன்று பெரிய தொலைநோக்கிகள் பலவும் அப்படித்தான் கண்ணாடி பெறுகின்றன. சிறிய அளவில் ஆய்வகத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். கண்ணாடிச் சில்லின் இரு ஓரங்களிலும் கம்பி ஒட்டி, மின்தடை மீட்டரோடு இணைத்து, வெற்றிடக் கலத்துக்குள் வைத்துத் தங்கத்தை ஆவியாக்குவோம். முதல் சில நொடிகளுக்கு ஆவி படிந்துகொண்டே இருக்கும். சில்லில் இளநீலச் சாயல்கூடத் தெரியும். ஆனால் மீட்டர் அசையாது. விழுந்த அணுக்கள் சிறு சிறு தீவுகளாகத் திரண்டு, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் நேரம் அது. தீவுகள் வளரும். படலம் சில நானோமீட்டர் தடிமனை எட்டும் ஒரு கணத்தில் தீவும் தீவும் தொட்டுக்கொள்ளும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எலக்ட்ரானுக்கு வழி திறக்கும். அதுவரை அசையாமல் கிடந்த முள் அப்போது ஒரே வீச்சில் மறுபக்கம் சாயும்.